1958இல் வந்த டிவி 1954 மேடையில் நின்றிருக்குமா?

கேள்வி: பழைய ரேடியோ, டிவி பெட்டிகளைச் சேகரிப்பவன் நான். பெங்களூருவிலுள்ள பழம்பொருள் வியாபாரி ஒருவரின் இணையதளத்தில், ‘1954 மிஸ் அமெரிக்கா போட்டி மேடையில் வைக்கப்பட்ட ஃபில்கோ பிரெடிக்டா டிவி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது பொய் என்கிறார் நண்பர். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, வியாபாரி பணம் தர மறுக்கிறார். வழி உண்டா?

– வாசகர், கோவை

பதில்: உண்டு. உங்கள் நண்பர் சொன்னது சரி. அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மிஸ் அமெரிக்கா போட்டி 1954 செப்டம்பரில்தான் முதன்முதலாக டிவியில் ஒளிபரப்பானது. அதற்கு விளம்பர ஆதரவு தந்தது ஃபில்கோ நிறுவனம். அதுவரை வியாபாரி சொன்னது உண்மை. ஆனால் பெட்டிக்கு மேலே தனியாக நின்று, பக்கவாட்டில் திரும்பும் திரை கொண்ட பிரெடிக்டா 1958இல்தான் சந்தைக்கே வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பெட்டி அந்த மேடையில் எப்படி இருந்திருக்கும்? உண்மையோடு ஒரு பொய்யை ஒட்டி விற்றிருக்கிறார். இப்படி ஏமாறும் சேகரிப்பாளர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனவே படம் தெரியவில்லை, ஒலி கரகரக்கிறது என்றெல்லாம் புகாரில் எழுதாதீர்கள். ‘பழைய பொருள் அப்படித்தான்’ என்று தப்பிக்க அது இடம் கொடுத்துவிடும். விவரித்தது ஒன்று, கொடுத்தது வேறு என்பதே உங்கள் வழக்கு. விவரித்து விற்கும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 15. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். பில்லில் உள்ள அந்த வரி இவற்றை முறியடிக்காது.

முதலில் விளம்பரப் பக்கத்தைத் தேதியுடன் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளையே அவர் அதை அழித்துவிடலாம். பெட்டியின் பின்பக்க அட்டையில் மாடல் எண் தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுத்துவையுங்கள். பிறகு பதிவு அஞ்சலில், 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பெங்களூரு போகத் தேவையில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியிருந்தால் நீங்கள் ‘நுகர்வோர்’ ஆக மாட்டீர்கள்; சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அடுத்து, வழக்கு முடியும்வரை பெட்டியைக் கழற்றிப் பழுது பார்க்காதீர்கள். ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். அது இப்போது உங்கள் சாட்சி.