பயணிகள் கப்பலைத் திமிங்கல வேட்டைக்கு மாற்றியது உண்மையா?

உண்மைதான். நல்ல உதாரணம் 'சூவிக்'. பெல்ஃபாஸ்டில் கட்டி, 1901 முதல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்துக்காக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓடிய கப்பல். 1907 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் பனிமூட்டத்தில் பாறையில் ஏறியது. கப்பலில் இருந்த அனைவரும் உயிர் தப்பினார்கள். முன்பாகம் மீளாது என்று தெரிந்ததும் வெடிவைத்து அறுத்தார்கள். மிச்சமிருந்த பின்பாதி தன் எஞ்சினிலேயே சவுத்தாம்ப்டன் போய்ச் சேர்ந்தது! அங்கே புதிய முன்பாகம் ஒட்டவைத்தார்கள்.

1928-இல் நார்வேக்காரர்கள் அதை வாங்கி, 'ஷிட்டரென்' என்று பெயர் மாற்றி, ஜெர்மனியின் கீல் நகரில் திமிங்கல எண்ணெய் ஆலையாக்கினார்கள். பழைய கப்பல் மலிவு. வயிறும் பெரிது, கொதிகலன், எண்ணெய்த் தொட்டி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

வேட்டையாடுவது இந்தக் கப்பல் அல்ல, கூட வரும் சிறு படகுகள். அவை ஹார்ப்பூன் பீரங்கியால் (கயிறு கட்டிய ஈட்டியை எய்வது) திமிங்கலத்தைச் சுட்டு, உடல் மூழ்காமலிருக்கக் காற்றடித்து இழுத்து வரும். கப்பலின் பின்புறச் சரிவுப்பாதை வழியே வின்ச்சால் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்) வாலைப் பிடித்து மேல்தளத்துக்கு ஏற்றுவார்கள். நீண்ட கைப்பிடிக் கத்தியால் கொழுப்பைப் பட்டை பட்டையாக உரித்துக் கொதிகலனில் போடுவார்கள். வடியும் எண்ணெய் மார்கரினுக்கும் (வெண்ணெய்க்கு மாற்று) சோப்புக்கும் போகும். ரத்தமும் கொழுப்புமாக வழுக்கும் தளம் என்பதால், காலணியில் ஆணி முட்கள் தேவைப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடனில் சிக்கிக்கொண்ட அக்கப்பல், 1942 ஏப்ரலில் தப்ப முயன்றபோது ஜெர்மானியர் கையில் அகப்படாமலிருக்க மாலுமிகளே மூழ்கடித்தார்கள்.