மலைத் தொழிற்சாலைக்கு அரசு தரும் 2,000 ரூபாய்

கேள்வி: கோத்தகிரி பக்கம் பச்சை இலை வாங்கி அரைக்கும் சிறிய தேயிலைத் தொழிற்சாலை எங்களுடையது. பி.எஃப். பட்டியலில் 22 பேர். டிரையரில் நிற்கத் தெரிந்த பையன்கள் கோவைக்கு இறங்கிவிட்டார்கள். புதிதாக ஆள் எடுத்தால் ஒன்றிய அரசு தலைக்கு மாதம் 3,000 தரும், வரியும் குறையும் என்கிறார்கள். 14,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு பேரை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் 3,000-ஐ மறந்துவிடுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு அது பொருந்தும். பி.எஃப். கணக்கில் காட்டும் சம்பளம் 20,000-ஐத் தாண்டினால்தான் 3,000. பத்தாயிரத்துக்கு மேல் இருபதாயிரம் வரை 2,000. பத்தாயிரமோ அதற்குக் கீழோ என்றால் அதிகபட்சமே 1,000.

பலரும் சறுக்குவது இங்கேதான். பி.எஃப். செலவைக் குறைக்க அடிப்படைச் சம்பளம் 9,800, மீதி 4,200 அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டுவார்கள். மானியமும் ஆயிரத்துக்குள் சுருங்கிவிடும்.

முழு 14,000-ஐயும் காட்டினால் பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து உங்கள் பங்கு 13 சதவீதம், அதாவது 1,820 ரூபாய். இ.எஸ்.ஐ. பொருந்தினால் இன்னும் 455. ஆக 2,275 போகிறது, 2,000 வருகிறது. அரசு சம்பளத்தில் பங்கு தருவதாக நினைத்து ஆள் எடுத்தால் ஏமாற்றம்தான். ஆளை முறையாகப் பதிவுசெய்யும் செலவில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவே. மற்ற தொழில்களுக்கு இந்த மானியம் இரண்டு ஆண்டு. உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டு வரை உண்டு.

ஐம்பது பேருக்குக் கீழ் உள்ள நிறுவனம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். 'கூடுதல்' என்பது திட்டத்துக்கு முன்பிருந்த எண்ணிக்கைக்கு மேல். 22 உங்கள் அடிப்படை எண்ணிக்கை என்றால் 24 வேண்டும். ஒரு பையன் ஐந்தாம் மாதம் திருப்பூருக்குப் போய்விட்டாலோ, பழைய ஆள் ஒருவர் ஓய்வு பெற்றாலோ கணக்கு 23-க்கு இறங்கிவிடும். இன்னொருவர் மிச்சமிருந்தும் பயனில்லை. வேலை இருக்கிறதென்றால் மூன்று பேராக எடுங்கள்.

பையன்களுக்கும் பணம் உண்டு. முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்பவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000, இரண்டு தவணையாக: ஆறு மாதம் கழித்து ஒன்று, பன்னிரண்டு மாதமும் நிதிக் கல்விப் பயிற்சியும் முடிந்தபின் மற்றொன்று. முன்பே பனியன் கம்பெனியில் இரண்டு மாதம் பி.எஃப். பிடித்திருந்தால் அவருக்கு இது இல்லை. உங்கள் 2,000-க்குத் தடையில்லை. பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், இரண்டாவது எண் போடாதீர்கள். ஆதாரில் 'ஆர். சுரேஷ்', வங்கியில் 'சுரேஷ் ராமன்' என்று இனிஷியல் மாறியிருந்தால், சேரும் வாரத்திலேயே திருத்தச் சொல்லுங்கள்.

வரிச்சலுகை தனி. 1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ பிரிவு என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். கூடுதல் ஆளின் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டு வருமானத்தில் கழிக்கலாம். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,68,000 என்றால் கழிவு 50,400. பார்ட்னர்ஷிப் நிறுவனமாக இருந்தால் மிச்சமாகும் வரி ஏறக்குறைய 15,700. உங்கள் கணக்குக்கு வரித் தணிக்கை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கழிவு கிடையாது. சம்பளம் 25,000-க்குள் இருந்து, வங்கி வழியாகப் போக வேண்டும். சனிக்கிழமை கையில் எண்ணிக் கொடுத்தால் போச்சு. ஆண்டில் 240 நாள் வேலையும் தேவை. ஆகஸ்ட் 4-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு அந்த நிதியாண்டில் அது நிறையாது. அடுத்த ஆண்டு 240 நாள் முடித்தால் அப்போதிருந்து எண்ணுவார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் எடுங்கள். இலை குவிகிற நேரம். செப்டம்பரில் ஆறு மாதமும் நவம்பர் கடைசியில் 240 நாளும் முடிந்துவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை குறைந்து வாட்டும் தொட்டி காலியாகக் கிடக்கும்போது அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள். மெஷின் ஓவர்ஹால் அந்த மாதங்களில்தானே நடக்கும்.