பாதியில் நின்றவர்களும் பழைய மாணவர்களே (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அடுத்த ஆண்டு நூறு வயது. ஜில்லா போர்டு பள்ளியாக ஆரம்பித்தது. அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியையாகவும் இருப்பதால், நூற்றாண்டு மலர் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, பழைய மாணவர்களிடம் நினைவுகளை எழுதித் தரச் சொன்னோம். நிறைய வந்தன. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி: கணக்கு வாத்தியாரின் பிரம்பு, வேப்பமரம், வாசலில் விற்ற நெல்லிக்காய், ‘அந்தக் காலம் திரும்ப வருமா?’ பழைய பொருட்களையும் கேட்டோம். சில குரூப் போட்டோக்களும் ஒரு கபடிக் கோப்பையும்தான் வந்திருக்கின்றன. இவற்றை வைத்து ஒரு பள்ளியின் வரலாற்றை எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

எழுத முடியும். ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவை நம்பி இறங்காதீர்கள். அதில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் படித்து முடித்து, வேலைக்குப் போய், ஊரைவிட்டு வெளியேறியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். பள்ளி தங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கதை. வேப்பமரமும் பிரம்பும் அதனால்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

தொடங்க வேண்டிய இடம் தலைமையாசிரியர் அறை பீரோ. சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதை அழிக்கக் கூடாது என்பதால் நூறு வருடத்துக்கும் இருக்க வாய்ப்புண்டு. தடித்த அட்டை, ஓரம் பூச்சி அரித்த பக்கம், பழைய மை. ஒவ்வொரு வரியிலும் சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி. கடைசியில் ‘நீங்கிய காரணம்’ என்று ஒரு கட்டம். உங்கள் மலரின் பாதி அந்தக் கட்டத்தில் இருக்கிறது. ‘தேர்ச்சி’ என்று எழுதியவர்களைத் தாண்டி, ‘தொடர்ந்து வராமை’, ‘சம்பளம் கட்டாமை’ என்று எழுதப்பட்டவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காமராஜ் காலத்தில் இலவசக் கல்வி படிப்படியாக வரும்வரை உயர்நிலைப் பள்ளியில் மாதச் சம்பளம், அதாவது பள்ளிக் கட்டணம், கட்டித்தான் படிக்க வேண்டும். எந்த ஆண்டிலிருந்து அந்தக் காரணம் குறைகிறது என்று எண்ணிப் பார்த்தாலே ஒரு கட்டுரை கிடைத்துவிடும்.

(பிறந்த தேதிக் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள்! தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு வாத்தியார் போட்ட தேதி ஆரம்பப் பள்ளி டி.சி. வழியாக உங்கள் பதிவேட்டிலும் ஏறியிருக்கும்.)

பாதியில் நின்றவர்கள் முக்கியம் என்பதற்கு, காமராஜையே சொல்லலாம். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலா 1889இல் தொடங்கியது. வணிகர்கள் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய மகமைப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. அங்கே ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் துணிக்கடைக்குப் போன பையன் 1954இல் முதலமைச்சரானான். ஆகாமல் போயிருந்தால் எந்தப் பழைய மாணவர் பட்டியலிலும் அவன் பெயர் வந்திருக்காது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளியில் கொடுத்த பிரசாதம் அவன் கையில் மட்டும் கொஞ்சமாக இருந்ததாகவும், முண்டியடித்து வாங்க மாட்டேன் என்று வீட்டில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பிரபலமானவர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் தாமாகவே வந்து சேரும். அதே பெஞ்சில் இருந்து அதே வருடம் நின்றுபோன மற்ற பையன்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் அவர்கள் இன்னும் இருப்பார்கள். பெட்டிக்கடையில், களத்துமேட்டில், பேரன் வீட்டுத் திண்ணையில். ‘நான் எங்கே படிச்சேன், எட்டாவதோட நின்னுட்டேன்’ என்று முதலில் தட்டிக் கழிப்பார்கள். அப்போது கையில் அந்தக் குரூப் போட்டோவின் நகலை வைத்திருங்கள். நினைவைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். ‘இது யாருங்க ஐயா?’ என்று விரலை வைத்துக் கேளுங்கள். போட்டோவின் கீழே ‘உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று ஆசிரியர்கள் பெயர் அச்சாகியிருக்கும். ஓரத்தில் நிற்கும் பியூனுக்கும் தண்ணீர் எடுத்து வைத்த அம்மாவுக்கும் பெயர் இருக்காது. அந்தப் பெயர்கள் இவர்களுக்குத்தான் தெரியும்.

ஆண்டு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. தனுஷ்கோடிப் புயலுக்கு (1964) முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் அதை மறந்தவர் இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் (1965) பள்ளியை மூடியபோது எந்த வகுப்பு? பதினோராவதோடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலமா, 1978இல் பிளஸ் டூ வந்த பிறகா? எம்.ஜி.ஆர். சத்துணவுக்கு (1982) முன்னாலா? இப்படி நாலு முளை அடித்தால் போதும், ஆள் தானாக ஆண்டுக்கு வந்துவிடுவார். கட்டடத்தை இன்னார் திறந்தார் என்று ஊரே சொன்னாலும் சுவரில் பதித்த கல்லை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெண்களைத் தேடுவது தனி வேலை. கல்யாணத்தோடு ஊரும் மாறியிருக்கும், இனிஷியலும் மாறியிருக்கும். பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணன் மனைவியிடம் கேட்டால்தான் போன் நம்பர் கிடைக்கும். நீங்களே போங்கள், உங்களிடம் பேசுவதை எங்களைப் போன்றவர்களிடம் பேச மாட்டார்கள். வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டதை நாற்பது ஆண்கள் இருக்கும் குழுவில் யார் எழுதுவார்கள்?

இன்னொன்றும் அந்தக் குழுவில் வராது. தண்ணீர்ப் பானையை யார் தொடலாம், யாருக்குக் கையில் ஊற்றினார்கள், யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்தத் தெருக்களுக்கும் போய்க் கேளுங்கள், அவர்கள் சம்மதித்தால் அவர்கள் சொன்னபடியே போடுங்கள். விழாக் கமிட்டி முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். அதே சமயம், பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே படமெடுத்து மலரில் போட்டுவிடாதீர்கள். சாதியும் தகப்பன் தொழிலும் காரணமும் பெயரோடு அச்சில் வந்தால், ஊரில் தலை நிமிர்ந்து நடக்கும் ஒருவருக்கு அது அவமானமாகிவிடும். எண்ணிக்கைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் குறைவாக வருவது, திரும்பி வராது என்ற பயத்தால். எதையும் வாங்கி வராதீர்கள். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஈரம் ஏறி ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டாம். கபடிக் கோப்பையில் என்ன பொறித்திருக்கிறது என்பதோடு, இத்தனை காலம் அது யார் வீட்டில், எதற்காக இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தார் இதில் நமக்கு வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள். 1981இல் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதைக் கண்டவர்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில் பாடசாலை மலர்களாகவே எத்தனையோ கிடக்கின்றன. பரிசளிப்பு விழாவில் அதிபர் (அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) வாசித்த அறிக்கை ஒன்றைத் திறந்து படித்துப் பாருங்கள். அந்த வருடம் யார் புதிதாக வந்தார், யார் ஓய்வு பெற்றார், எத்தனை பேர் தேறினார்கள் என்று வரிசையாக வரும். உங்கள் பள்ளியின் ஆண்டு விழா அறிக்கைகளும் ஏதோ ஒரு பழைய தலைமையாசிரியர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும், குடும்பத்தாரிடம் விசாரியுங்கள்.

கடைசியாக, கமிட்டியிடம் பக்கக் கணக்கை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மந்திரியில் ஆரம்பித்து ஜவுளிக்கடை முதலாளிவரை வாழ்த்துச் செய்திகளே மலரைத் தின்றுவிடும். அச்சானதும் மாவட்ட மைய நூலகத்துக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். எனக்கும் ஒன்று. வாழ்த்துப் பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.