தேயிலை, அபின், வெள்ளி: கேள்வி பதில்

பிரிட்டிஷார் சீனாவிடம் தேயிலையை வாங்கிக்கொண்டு அபினைக் கொடுத்தார்கள் என்று பள்ளியில் படித்தேன். நேரடிப் பண்டமாற்றா?

இல்லை. நடுவில் வெள்ளி இருக்கிறது, அதை விட்டுவிட்டால் எதுவும் புரியாது. பிரிட்டன் தேயிலைக்கு அடிமையாகிவிட்டது. அவர்களுடைய கம்பளித் துணியோ சீனாவில் சரியாக விலைபோகவில்லை. அதனால் வெள்ளி நாணயத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள். 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5க்கு இறக்கியதும் தேவை இன்னும் ஏறியது.

அந்த வெள்ளியைச் சீனாவிடமிருந்தே திரும்பப் பெற வழியானது அபின். கம்பெனி, அதாவது பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, கல்கத்தாவில் அபினை ஏலம் விட்டது. ஏலம் எடுத்த தனி வியாபாரிகள் அதைக் கொண்டுபோய், தென்சீனத் துறைமுகமான கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) கீழே லின்டின் தீவருகே நின்ற கிடங்குக் கப்பல்களில் இறக்கினார்கள். சீனக் கடத்தல்காரர்கள் துடுப்புப் படகில் வந்து, வெள்ளியைக் கொடுத்து எடுத்துப் போனார்கள். வியாபாரி அந்த வெள்ளியைக் கான்டனில் இருந்த கம்பெனி கஜானாவில் கட்டி, லண்டனிலோ கல்கத்தாவிலோ பணமாக்க ஓர் உண்டியல் சீட்டு வாங்கிக்கொள்வார். கம்பெனி அதே வெள்ளியில் தேயிலை வாங்கியது.

கம்பெனி கப்பலிலேயே அபின் போனதா?

போகவில்லை. சீன அரசு 1729இலேயே அபின் விற்பனையைத் தடுத்தது, பின்னால் இறக்குமதியையும் தடுத்தது. கையும் களவுமாகப் பிடிபட்டால் தேயிலை வணிகமே போய்விடும் என்ற பயம் கம்பெனிக்கு.

ஒரு பெட்டியில் எவ்வளவு இருக்கும்?

வங்காளப் பெட்டியில் 40 உருண்டைகள், மொத்தம் சுமார் 63 கிலோ. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அபின் செடியின் விதைதான். மாலையில் பச்சைக் காயைக் கீறிவிட்டு, மறுநாள் காலை வடிந்து நிற்கும் பாலை வழித்தெடுப்பார்கள். பாட்னா, காசிப்பூர் ஆலைகளில் அதை உருட்டி, அதே செடியின் பூவிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். பயிரிட்ட விவசாயி முன்பணம் வாங்கியவர், விலையை வைத்தது கம்பெனி. லண்டன், கான்டன் என்று இரண்டு ஊரை மட்டும் சொல்லிவிட்டு இவரை மறந்துவிடாதீர்கள். எத்தனை தடவையானாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

பிரிட்டன் சீனாவோடு நடத்திய முதல் அபின் போர் (1839-42) அபினுக்காக இல்லை, தடையற்ற வணிகத்துக்காக என்று சொல்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 1839இல் சீனப் பேரரசர் அனுப்பிய அதிகாரி லின் சேசு கான்டனுக்கு வந்து 20,283 பெட்டிகளை ஒப்படைக்க வைத்தார். ஹூமன் கடற்கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட 23 நாள் ஆனது. ஒப்படைக்கச் சொன்ன பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட், இழப்பை பிரிட்டிஷ் அரசு ஈடுகட்டும் என்று வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தை யார் தருவது? போரை முடித்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் சீனா கட்டிய 2.1 கோடி டாலரில் 60 லட்சம் அந்த அபினுக்கான விலை.

(அதே வாசகர்) ஆனால் அபின் வணிகத்தை அனுமதிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லையே. சீன வியாபாரிகளும் சம்பாதித்தார்களே?

இரண்டும் உண்மை. வணிகம் சட்டபூர்வமானது 1858இல்தான், இரண்டாம் போரின் நடுவே. லஞ்சம் வாங்கிய சீன அதிகாரிகளும் நிறையப் பேர். அதனால் பீரங்கிக் கப்பல் அனுப்பியவரின் பொறுப்பு குறைந்துவிடுமா? லண்டன் நாடாளுமன்றத்திலேயே 1840இல் சீன விவகாரத்தில் வந்த கண்டனத் தீர்மானத்தில் அரசு தப்பியது 9 வாக்கில், 271க்கு 262. பின்னால் பிரதமரான இளம் கிளாட்ஸ்டன் அந்தப் போரை அநீதி என்று எதிர்த்துப் பேசினார். அந்தக் காலத்து ஆட்களுக்கே எதற்காகப் போர் என்பது தெரிந்திருந்தது.

கம்பெனிதானே அபினைக் கப்பலில் அனுப்பியது?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கம்பெனிக் கப்பல்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா, அபின் கொண்டுபோனவை?

திரும்பவும் அதே கேள்வி. கொண்டுபோனவை தனியார் கப்பல்கள். தயவுசெய்து, கேட்கும் முன் மேலே உள்ளதை ஒருமுறை பாருங்கள்.

நீலகிரித் தேயிலை எப்படி வந்தது?

அது வேறு கதை, தோட்ட வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

'தேயிலை' சீனச் சொல்லா?

'தே' ஃபூஜியன் கடற்கரைப் பேச்சு, 'இலை' நம்முடையது. 'சாயா'வின் 'சா' கான்டன் பக்கம் புழங்குவது.

இந்தப் போரில் தமிழ்நாட்டுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. கம்பெனியின் மதராஸ் படையைச் சேர்ந்த 37ஆம் காலாட்படை கான்டனில் போரிட்டது. 1841 மே மாத இறுதியில் சன்யுவான்லி ஊர்ப்புறத்தில் கொட்டும் மழையில் அதன் ஒரு பிரிவு வழிதவறி, ஆயிரக்கணக்கான கிராமத்து மக்களிடம் சிக்கிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈரத்திலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் தேடி வந்து மீட்கும்வரை சதுரமாக நின்று துப்பாக்கி முனைக் கத்தியால் சமாளித்தார்கள்.