சாயங்காலம் என்ன ஆச்சு?

வணக்கம் ஐயா,

போன மாதம் நூலகத்தில் நீங்கள் பொருளியல் பற்றிப் பேசியதைக் கேட்க மகளையும் அழைத்து வந்திருந்தேன். அவள் ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாம் ஆண்டு, பொருளியல் எடுத்திருக்கிறாள். டெல்லி நாகப்பாம்புக் கதைக்கும், உங்கள் பெரியப்பா ஓசிக் காரில் வேலைக்குப் போன கதைக்கும் கூட்டமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது, "இதெல்லாம் எகனாமிக்ஸ் இல்லம்மா, துணுக்கு. இதுக்கு கிராஃப் வரைய முடியுமா? பரீட்சையில எழுதினா ஒரு மார்க் வராது. அந்தப் பாம்புக் கதையே டவுட்டுன்னு நெட்ல போட்டிருக்கு" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் கணக்கில் சுமார். கதையாகச் சொன்னால்தான் எனக்கு ஏறும். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆச்சரியத்தை எடுத்துவிட்டால் உங்கள் கதைகளில் மிச்சம் என்ன இருக்கிறது? கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கோபம் ஒன்றும் இல்லை, கூச்சம்தான். பாம்பு விஷயத்தில் உங்கள் மகள் சொன்னது சரி. வெள்ளைக்காரர்கள் காலத்து டெல்லியில் நாகப்பாம்பைக் கொன்று கொண்டுவந்தால் சன்மானம் என்று அறிவித்தார்களாம். ஜனங்கள் வீட்டிலேயே பாம்பு வளர்த்துக் காசு பார்த்தார்களாம். சன்மானத்தை நிறுத்தியதும் வளர்த்ததையெல்லாம் திறந்துவிட்டார்களாம். ஹோர்ஸ்ட் சீபர்ட் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் 2001-இல் இதை வைத்து 'நாகப்பாம்பு விளைவு' என்று ஒரு பெயரே சூட்டினார். அதன்பிறகு எங்கே பார்த்தாலும் இந்தப் பாம்புதான். ஆனால் எந்த வருஷம், எந்த அதிகாரி, எவ்வளவு சன்மானம் என்று தேடிப்போனால் பிடிமானமான ஆவணம் ஒன்றும் அகப்படுவதில்லை. கேட்டதைக் கேட்டபடி நானும் சொல்லிவிட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தால் நாக்கு கொஞ்சம் நீண்டுவிடுகிறது.

அதற்குப் பதில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஹனோய் எலிக் கதை. இதற்குக் கோப்புகள் உண்டு. பிரெஞ்சுக் காலனி ஆவணங்களிலிருந்து மைக்கேல் வான் என்ற வரலாற்றாசிரியர் தோண்டி எடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் குடியிருந்த பகுதிக்கு நவீனமாகப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். எலிகளுக்கு அதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்? பிளேக் பயம் வேறு. 1902-இல் முதலில் கூலிக்கு ஆள் வைத்துப் பிடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்புறம் யார் கொன்றாலும் எலிக்கு ஒரு சென்ட் என்று அறிவித்தார்கள். செத்த எலிகளை மூட்டை மூட்டையாக வாங்கி என்ன செய்வது? வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். கொஞ்ச நாளில் ஊருக்குள் வால் இல்லாத எலிகள் ஓட ஆரம்பித்தன. வாலை நறுக்கிவிட்டு எலியை விட்டுவிட்டால் அது போய்க் குட்டி போடும், குட்டிகளுக்கும் வால் இருக்கும். ஊர் எல்லையில் எலிப்பண்ணைகள்கூட அகப்பட்டன. சன்மானம் நின்றது.

நம் ஊரில் இதற்குப் பங்காளி ஒன்று உண்டு. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் பெட்ரோல் மலிவு. அங்கே போய் நிரப்பிக்கொண்டு வருவதைத் தடுக்க, எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் கார்களில் டேங்க் பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று 1989-இல் விதி வந்தது. 1991-இல் பாதி முக்காலாயிற்று. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பார்ப்பது மீட்டர் முள்ளைத்தானே, டேங்க்குக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே சிலர் முள்ளில் கைவைத்தார்கள். ஹனோயில் வால், உட்லண்ட்ஸில் முள்! அந்த எலிக்காரரும் இந்தக் கார்க்காரரும் விசித்திரப் பிறவிகள் இல்லை. எதை எண்ணிக் காசு கொடுத்தார்களோ அதைக் கொடுத்தார் ஒருவர், எதைப் பார்த்துப் போக விட்டார்களோ அதைக் காட்டினார் இன்னொருவர். அவர்களுக்கு அது அன்றாடக் கணக்கு. கணக்கு தெரியாத நமக்குத்தான் ஆச்சரியம்.

சரி, கிராஃப். பெரியப்பா கதையை அன்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கைதட்டல் வந்துவிட்டது, அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது. முழுசாகச் சொல்கிறேன்.

1975 ஜூன் 2-ஆம் தேதி முதல், காலை 7.30 மணியிலிருந்து 9.30 வரை நகர மையத்துக்குள் கார் நுழைய வேண்டுமானால் நாளுக்கு 3 வெள்ளி (டாலர்) கொடுத்து ஒரு சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். சாலை நெரிசலுக்கு இப்படி விலை வைத்தது உலகத்திலேயே நாம்தான் முதலில். இன்றைய இ.ஆர்.பி. என்ற மின்னியல் சாலைக் கட்டணத்துக்கு அதுதான் பாட்டி. பெரியப்பா ஷென்டன் வேயில் குமாஸ்தா, வீடு குவீன்ஸ்டவுனில். அவருக்கு 3 வெள்ளி என்பது மூன்று நாள் மதியச் சாப்பாடு. அவரிடம் கார் கிடையாது, ஆகவே சீட்டைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது. ஓட்டுபவரோடு சேர்த்து நான்கு பேர் இருந்தால் சீட்டு வேண்டாம். கொஞ்ச நாளில், பெரியப்பா பேருந்துக்கு நிற்கும் இடத்தில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. கண்ணாடியை இறக்கி "ஷென்டன் வே? ஷென்டன் வே?" என்று கேட்பார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் ஏறிக்கொள்வார்கள். டை கட்டிய சீனர் ஓட்ட, பக்கத்தில் ஒரு மலாய்க்கார டைப்பிஸ்ட் அம்மா, பின்னால் டிஃபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பெரியப்பா. யாரும் யாரோடும் பேசுவதில்லையாம். இறங்கும்போது ஒரு 'தேங்க்யூ'. இந்த இடத்தில்தான் அன்று எல்லோரும் சிரித்தீர்கள்.

இனி அன்று நான் கேட்காமல் விட்டது. கார்க்காரருக்கு மிச்சம் 3 வெள்ளி. அதை மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள் இந்த மூன்று பேர். அப்படியானால் ஆளுக்கு ஐம்பது காசாவது கேட்டிருக்கலாமே? கேட்டால் கொடுத்திருப்பார், அப்போதும் அவருக்கு லாபம்தான். பெரியப்பா ஏன் கேட்கவில்லை? நான் ஒருமுறை அவரிடமே கேட்டேன். "கேட்டா, பின்னாடி நிக்கிறவன் ஏறிக்குவான்" என்றார். முடிந்தது. நிறுத்தத்தில் ஆட்கள் நிறைய, கார்களில் இடம் கொஞ்சம். பெரியப்பாவின் விலை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பேருந்துக் கட்டணம் மிச்சம் என்பதால் பூஜ்யமே அவருக்குப் போதுமாயிருந்தது. மகளிடம் ஒரு காகிதம் கொடுங்கள். படுக்கைக் கோட்டில் ஆட்கள், செங்குத்துக் கோட்டில் ஒரு பயணிக்குக் கார்க்காரர் கொடுக்கும் தொகை. ஆள் தேடும் கார்க்காரர்களுக்கு ஒரு வளைகோடு, ஏறத் தயாராக நிற்பவர்களுக்கு ஒரு வளைகோடு; இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று அவளே வரையட்டும். கார்கள் பத்து மடங்கு வந்து, நிறுத்தத்தில் பெரியப்பா மட்டும் நின்றிருந்தால் அவர் எவ்வளவு கேட்டிருக்கலாம் என்பதும் அதே படத்தில் வந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். சாயங்காலம் என்ன ஆச்சு? ஐந்து மணிக்கு ஷென்டன் வேயில் பெரியப்பா பேருந்துக்கு நிற்பார். காலையில் கூப்பிட்டு ஏற்றிக்கொண்ட அதே கார், அதே டை, அவரைத் தாண்டிப் போகும். திரும்பிக்கூடப் பார்க்காது. நகரத்துக்குள் நுழையத்தான் சீட்டு, வெளியேற ஒன்றும் வேண்டாம். காலையில் பெரியப்பாவுக்கு இருந்த மதிப்பு சாயங்காலம் இல்லை. "மனுஷன்னா நன்றி வேணாமா" என்று பெரியம்மாவிடம் புலம்புவாராம். நன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலையில் அந்தச் சீனர் காட்டியது அன்பும் இல்லை, சாயங்காலம் காட்டாதது துரோகமும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை துணுக்கும் பொருளியலும் பிரிகிற இடம் இந்தச் சாயங்காலம்தான். காலைக் கதையை மட்டும் சொன்னால் அது துணுக்கு, உங்கள் மகளோடு எனக்குச் சண்டை இல்லை. காலைக்குச் சொன்ன காரணம் சரியென்றால் சாயங்காலம் இப்படி நடந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, போய்ப் பார்த்து, அப்படியே இருந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். 9.30-க்கு என்ன நடந்திருக்கும் என்று அவளை ஊகிக்கச் சொல்லுங்கள். எல்லைக்கு வெளியே நேரம் பார்த்துக்கொண்டு இருந்த கார்களெல்லாம் 9.30 தாண்டியதும் மொத்தமாக உள்ளே பாய்ந்தன. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். நான்கு பேர் சலுகை 1989-இல் போயிற்று. அதற்குள் குவீன்ஸ்டவுனுக்கு எம்ஆர்டி வந்துவிட்டது, பெரியப்பா கார்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இது பழங்கதை. நீங்கள் இந்த வாரமே போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன்.

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள பேரங்காடியில், ராத்திரி எட்டரைக்கு ஒரு தம்பி வந்து சமைத்த உணவுப் பொட்டலங்களில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார். எட்டு இருபதுக்கே ஏழெட்டுப் பேர் கூடையோடு அங்கே நிற்போம், எல்லோரும் தயிர் வாங்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அக்கா இப்படிச் செய்ய மாட்டார். ஊரிலிருந்து விமானத்தில் வரும் மல்லி, மறுநாள் அதற்கு மதிப்பு இல்லை. ராத்திரி ஒன்பதுக்குக் கடை கட்டும்போது இரண்டு பந்து மிச்சம் இருக்கும். ஒரு வெள்ளி குறையுங்களேன் என்று கேட்டேன். கையில் நார் ஓடிக்கொண்டே இருந்தது, நிமிரக்கூட இல்லை.

"ஒம்பது மணிக்குக் குறைச்சா நாளைக்கு ஏழு மணிக்கு எவ தம்பி வாங்குவா?"

பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வரக்கூடிய விஷயம் இது. அவரிடம் வருவதெல்லாம் தினமும் அதே முகங்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் முகங்கள். ஒருநாள் இறங்கிய விலை மறுநாள் ஏறாது. பேரங்காடிக்கு அந்தப் பயம் குறைவு. ஆறு மணிக்குப் பசித்த பிள்ளையோடு வருகிறவர் எட்டரை வரை காத்திருக்கப் போவதில்லை, என்னைப் போலக் காத்திருக்க நேரம் உள்ளவன் ஆறு மணிக்கு முழு விலை கொடுக்கப் போவதில்லை.

ஆனால் அந்த அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். விலையைக் குறைக்க மாட்டேன் என்றவர், நான் வாங்கிய முழத்துக்கு மேல் அரை முழம் அறுத்து வாழையிலையில் சேர்த்து வைத்தார். கொசுறு. அரை முழம் அதிகம் என்றால் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியதற்குச் சமம்தான். ஆனாலும் அது விலை இல்லை. "நேத்து இந்த விலைக்குத்தானே கொடுத்தீங்க" என்று மறுநாள் சண்டை போடலாம். "நேத்து கொசுறு போட்டீங்களே, எங்கே?" என்று சண்டை போட நம்மில் யாருக்கும் வாய் வராது. கொசுறு அவர் பிரியப்பட்டுக் கொடுப்பது, நாம் கேட்டு வாங்குவது இல்லை. நம் ஆட்கள் இந்த வார்த்தையைச் சும்மா கண்டுபிடிக்கவில்லை. மிஞ்சிய பந்துகள் பக்கத்துக் கோயிலுக்குப் போகும். அது வியாபாரமா வேண்டுதலா என்று நான் கேட்டதில்லை, கேட்கிற விஷயமும் இல்லை.

உங்கள் மகள் உடனே கேட்பாள், சாயங்காலம் எங்கே என்று. நியாயம். நான் சொன்ன காரணம் சரியென்றால், நாளைக்கு அதே இடத்தில் கடை போடாத வியாபாரி விலையைக் குறைக்க வேண்டும். அதைப் பார்க்க லிட்டில் இந்தியாவில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு, தற்காலிகக் கடைத்தெருவில்.

போன தீபாவளிக்கு அதற்காகவே போனேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கால் வைக்க இடம் இல்லை. சாயங்காலம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத பஞ்சாபி சூட் கடைக்காரர் ஸ்டூலில் ஏறி நின்று விலையைக் கூவிக்கொண்டிருந்தார், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கீழே இறக்கிக்கொண்டே. அட்டையில் எழுதிய எண்ணை அடித்து, அடித்ததற்குக் கீழே எழுதி, அதையும் அடித்திருந்தார். காலையில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள், மிஞ்சிய மூட்டையைச் சுமக்க லாரிக்காரருக்கு வேறு காசு கொடுக்க வேண்டும். நானும் ஒன்று வாங்கினேன், வீட்டில் அளவு சரியில்லை என்று பேச்சு வாங்கினேன்.

அங்கிருந்து நடந்து அக்கா கடைக்கு வந்தேன். விடிந்தால் தீபாவளி, பூவுக்கு வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற அம்மா, "அங்க துணியே பாதி விலைக்கு வந்திருச்சு, நீங்க பூவைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முழம் போட்டார், காசை வாங்கினார், அரை முழம் அறுத்துக் கூட வைத்தார்.

அன்புடன்.