குவாண்டம் பேட்டரி வந்துவிட்டால் மின்சார ஸ்கூட்டர் நொடியில் சார்ஜ் ஆகுமா?

ஆகாது. குவாண்டம் பேட்டரி என்பது வேதிவினைக்குப் பதிலாக, குவாண்டம் விதிப்படி நடக்கும் நுண்பொருள்களை மேல் ஆற்றல் நிலைக்கு ஏற்றி ஆற்றலைச் சேமிப்பது. வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் அத்தானும் இதையே சொல்லிக்கொண்டு பழைய பெட்ரோல் வண்டியை உருட்டுகிறார்.

முனைவர் பட்டத்துக்காக மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள்) க்யூபிட் ஆய்வகத்தில் சில வருடம் கிடந்தவன் நான். க்யூபிட் என்றால் குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு; எங்களுடையது சிலிக்கான் சில்லில் அலுமினியத்தால் வரைந்த பொடி மின்சுற்று. எங்கள் குழுவில் ஒருவர் அதையே பேட்டரியாக்கிப் பார்த்தார். 5 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மைக்ரோவேவ் துடிப்பு அனுப்பினால் க்யூபிட் மேல்நிலைக்கு ஏறிவிடும். அவ்வளவுதான் 'சார்ஜ்'. சில பத்து நானோநொடியில் வேலை முடிந்தது.

ஆனால் ஏறிய ஆற்றல் எவ்வளவு? மிகமிகச் சொற்பம். ஒரு கைபேசி பேட்டரியில் சுமார் 50,000 ஜூல் இருக்கிறது. அதை எட்ட, 1-க்குப் பின்னால் 28 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் க்யூபிட் வேண்டும். ஏறியதும் நிற்காது, நூறு மைக்ரோநொடி தாங்கினாலே எங்களுக்குக் கொண்டாட்டம். இத்தனையும் 20 மில்லிகெல்வின் வாக்கில், அதாவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் நடக்கவேண்டும். ஹீலியம் கலவை ஓடும் அந்தக் குளிர்பெட்டி குளிர்வதற்கே நாள்கணக்கில் ஆகும். கம்ப்ரசர் பல கிலோவாட் இழுக்கும். அதன் 'ச்சிக், ச்சிக்' சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

ஒருமுறை பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். பெட்டி திறந்திருந்தது. தங்க முலாம் பூசிய செப்புத் தட்டுகள் அடுக்கடுக்காக, நகைக்கடை மாதிரி மின்னும். அதைத்தான் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார். அடியில் விரல் நகம் அளவில் இருந்த சில்லை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் வந்த செய்தியின் தலைப்பு, 'கண் சிமிட்டும் நேரத்தில் கார் சார்ஜ்'!

ஆராய்ச்சியையே மட்டம் தட்டுகிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 2013-இல் இயற்பியலாளர்கள் அலிக்கியும் ஃபானஸும் எழுதிய கட்டுரையில் தொடங்கிய துறை இது. செல்களைத் தனித்தனியாக ஏற்றாமல் ஒன்றாகப் பிணைத்து ஏற்றினால், எண்ணிக்கை கூடக்கூட ஏறும் நேரம் குறையலாம் என்பது அழகான இயற்பியல். 2022-இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் குவாக்கின் குழு சாய மூலக்கூறுகளை வைத்து, சாதாரண அறை வெப்பத்திலேயே, அந்தப் போக்கைக் காட்டியது. நாளை அதே குளிர்பெட்டிக்குள் இருக்கும் குவாண்டம் கணினிக்கு இது உதவலாம். உங்கள் ஸ்கூட்டருக்கு இல்லை.

என் ஸ்கூட்டரின் பிரச்சினையே வேறு. அடுக்ககத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட அனுமதி கேட்டு அலைகிறேன். செலவு என்னுடையது, மீட்டரும் தனி. "தீப்பிடிக்கும் சார்" என்கிறார் சங்கச் செயலாளர். அவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பொதுப் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.