ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கலாம்?

கேள்வி: பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். 2000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

பதில்: பணம் மிச்சமாகும். போடுவது, எடுப்பது, தட்டுவது, உருட்டுவது, தள்ளுவது: இந்த வயதில் விளையாட்டு அவ்வளவுதான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கப் செட் ஒன்று, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவில் (12 முதல் 15 செ.மீ.) துணிப் பந்து ஒன்று, கெட்டி அட்டைப் படப்புத்தகம் இரண்டு வாங்குங்கள். இன்னொன்றும் வேண்டுமென்றால், கம்பில் மாட்டும் வளையங்கள். ஆரம்பத்தில் கழற்ற மட்டும்தான் செய்வாள், மாட்டுவது பிறகு. பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்துவது இரண்டு வயதுக்கும் மேலே. நடுக் கம்பு விறைப்பாக நிற்காமல் வளைந்து கொடுக்க வேண்டும், மேலே விழுந்தால் குத்தும்.

வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று ஓட்டை பார்த்துப் போடும் டப்பா இப்போது வேண்டாம். ஒன்றரை வயதில் வட்டத்தைப் போட்டாலே பெரிது. அதுவரை மூடியைத் திறந்து கொட்டுவதுதான் நடக்கும். அதற்கு நாலு எவர்சில்வர் டம்ளரும் ஒரு அகலப் பாத்திரமும் போதும். டம்ளரின் விளிம்பை மட்டும் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘3 வயதுக்கு மேல்’ என்று போட்டிருக்கிறது. என் பையன் வயதுக்கு மீறிய சூட்டிகை. வாங்கலாம்தானே?

பதில்: கூடாது. சிறு பாகம் உள்ளே இருப்பதால்தான் பெரும்பாலும் அந்த வரியைப் போடுகிறார்கள். சூட்டிகையான பையன் சக்கரத்தை இன்னும் சீக்கிரமே கழற்றுவான்.

பரிசோதனைக்கூடத்தில் இதற்கென ஓர் உருளை உண்டு. உள் விட்டம் 31.7 மி.மீ.; அடி சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ அழுத்தாமல் இதற்குள் முழுதாக அடங்கினால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டில் டிஷ்யூ ரோலின் நடுவிலுள்ள அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது சற்றுப் பெரியது, நமக்கு நல்லதுதான். பந்துக்குக் கணக்கு தனி: விட்டம் 44.5 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். உருண்டை தொண்டையை இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடும். பெட்டிக்கடையில் தொங்கும் எகிறும் ரப்பர் பந்து இந்த வகைதான்.

பெட்டியைத் திறந்த அன்றே சக்கரம், ஒட்டிய கண், அமுக்கினால் கீச்சிடும் பொம்மையின் அடியிலுள்ள விசில் மூன்றையும் நகத்தால் பற்றிப் பத்து விநாடி பலமாக இழுங்கள். அசைந்தால் திருப்பிக் கொடுங்கள். இழுவை வண்டியின் கயிறு 22 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்ற தர எண் இருக்கும். மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவதென்றால் ஐ.எஸ். 15644. கீழே ‘சி.எம்./எல்’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் உரிம எண். முத்திரையைக் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். வருகிற நிறுவனத்தின் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, அது பொம்மைக்குக் கொடுத்த உரிமம்தானா என்று மூன்றையும் பாருங்கள். எண்ணே இல்லாத வெறும் முத்திரைக்கு மதிப்பில்லை. பில்லையும் பெட்டியின் படத்தையும் வைத்துக்கொண்டு அதே செயலியிலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் செய்யலாம்.

கேள்வி: அப்படியானால் கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப் பொம்மையில் முத்திரை இல்லையே? திருவிழாவில் விற்கும் ஓலைக் கிலுகிலுப்பை?

பதில்: கைவினை ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர் செய்வதற்கும் விலக்கு உண்டு. சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும். பிறகு தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள். அந்தப் பளபளப்பில் விரல் வழுக்கும், வாடை இருக்காது. அதே பெயரில் பெயின்ட் அடித்ததும் விற்கிறது. ஈர வெள்ளைத் துணியால் இருபது தடவை தேயுங்கள். சாயம் ஒட்டினாலோ பெயின்ட் வாடை அடித்தாலோ வாங்காதீர்கள்.

கிலுகிலுப்பையில் ஓலையைவிட உள்ளே போட்டிருப்பதுதான் கவலை. கல்லாக இருந்தாலும் ஓலை பிரிந்தால் வாய்க்குப் போகும். குன்றிமணியாக இருந்தால் கடித்து உடைபட்டதும் விஷம். பிள்ளையார் சதுர்த்தி களிமண் பிள்ளையாரின் கண்ணும் அதே குன்றிமணிதான், எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: வாக்கர் வாங்கவா, நடைவண்டி வாங்கவா?

பதில்: நடைவண்டி. உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் நடையைக் கற்றுத் தராது. நுனிக்காலால் உந்திக்கொண்டு, நாம் எழுந்து போவதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ குழந்தை போய்விடும். கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நடைவண்டியிலும் பார்க்க வேண்டியது உண்டு. கைப்பிடி குழந்தையின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். கடையிலேயே கைப்பிடியைப் பின்பக்கமாகக் கீழே அழுத்துங்கள்; முன் சக்கரம் தூக்கினால், குழந்தை பிடித்து எழும்போது வண்டி அதன் மேலேயே சாயும். டைல்ஸ் தரையில் மர வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும். ஒன்றரைக் கிலோ மணல் மூட்டையை அடிக்கட்டையில், முன் சக்கரத்துப் பக்கமாகக் கட்டினால் சரியாகிவிடும். வாரம் ஒருமுறை ஆணி தலைநீட்டுகிறதா என்று தடவுங்கள்.

கேள்வி: பட்டனை அமுக்கினால் பாடும் பொம்மை பரிசாக வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தால் கொடுக்கலாம். சத்தம் அதிகமென்றால் ஸ்பீக்கர் ஓட்டைமேல் ஒட்டுநாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். எங்களைக் கேட்டால், பொம்மை பாட, குழந்தை சும்மா பார்க்கிற இந்த வகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது காசு வடிவப் பேட்டரிக்கு. 20 மி.மீ. அளவுள்ளது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரிக்கத் தொடங்கும். ஜொள்ளு, இருமல், சாப்பிட மறுப்பது எல்லாம் சளி போலவே தோன்றும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். பிறந்தநாள் கேக்கில் விரிந்து பாடும் தாமரை மெழுகுவத்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் செருப்பு எல்லாவற்றிலும் பொத்தான் பேட்டரி உண்டு. விழா முடிந்த கையோடு மெழுகுவத்தியைத் தேடி எடுங்கள். வெடித்த பலூன் துண்டுகளையும்தான். அந்த ரப்பர் படலம் தொண்டையில் ஒட்டினால் எடுப்பது கடினம்.

கேள்வி: எப்படிக் கழுவுவது?

பதில்: பிளாஸ்டிக்கைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள். மரத்தை ஊறவைத்தால் உப்பி வெடிக்கும்; ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். குளிக்கும்போது தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிழிந்து பாருங்கள். கறுப்பாகத் துணுக்குகள் வந்தால் உள்ளே பூஞ்சை; தூக்கி எறிந்துவிட்டு, அடியில் ஓட்டையே இல்லாத வாத்தாக வாங்குங்கள்.